தடத்துக்கு வெளியே: நான்கு ஆல்ப்ஸ் ஊர்களின் கதை

பனிச்சறுக்கில் பித்துக் கொண்ட இருவர் சந்தித்துக்கொண்டால் நெடுநேரம் வாதிடும் கேள்வி ஒன்றுண்டு. ஆல்ப்ஸ் மலைகளில், செப்பனிட்ட தடங்களை விட்டு விலகிச் செங்குத்தான சரிவுகளில் இறங்குவதற்கு எந்த ஊர் சிறந்தது? பிரான்சின் ஷாமொனியா, லா கிராவா? ஆஸ்திரியாவின் சாங்ட் ஆன்டனா? சுவிட்சர்லாந்தின் வெர்பியேயா? பயணக் கையேடுகள் இதற்கு நட்சத்திரக் குறிகளால் விடை கூறுகின்றன. சரிவு எத்தனை பாகை, இறக்கம் எத்தனை மீட்டர், கம்பிவட ஊர்திகள் எத்தனை என்று அட்டவணை இட்டுக் காட்டுகின்றன.

பனிச்சறுக்குப் பலகையைக் காலில் பூட்டியே அறியாத நாம் இந்த வழக்கில் தலையிடுவது சற்று மிகைதான். எனினும் இவ்வூர்களின் வரலாற்றைச் சில ஆண்டுகளாக விரும்பிப் படித்துவருகிற துணிவில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இந்நான்கையும் வேறுபடுத்துவது பாகைக் கணக்கு அன்று. 40, 45 பாகைச் சரிவுகள் நான்கு இடங்களிலுமே உண்டு. தடத்தை விட்டு வெளியேறும் மனிதனை ஒவ்வோர் ஊரும் எவ்வாறு நடத்துகிறது, அவன் உயிருக்கு யார் பொறுப்பு என்று கருதுகிறது என்பதிலேயே வேறுபாடு இருக்கிறது. அந்த மனப்பாங்கு அந்தந்த ஊருக்கு அதனதன் வரலாற்றிலிருந்து வாய்த்தது.

முதலில் ஒரு செய்தி. ‘தடத்துக்கு வெளியே’ என்ற சொற்றொடரே தடம் பிறந்த பிறகுதான் பிறந்திருக்க முடியும். அதற்கு முன் மலை முழுவதும் வெளிதான். 1894 மார்ச்சில் ஆர்தர் கோனன் டாயில், டாவோஸைச் சேர்ந்த பிராங்கர் சகோதரர் இருவருடன் மலைக்கணவாய் ஒன்றைக் கடந்து ஆரோசாவுக்குச் சறுக்கியே சென்றார். ஷெர்லக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்ற கதை அச்சேறிச் சில மாதங்களே ஆகியிருந்தன. காசநோயுற்ற மனைவியின் பொருட்டு டாவோஸில் தங்கியிருந்தார் டாயில். வழியில் ஒரு செங்குத்தான சரிவு வந்தது. பலகைகளைக் கழற்றி ஒன்றாகக் கட்டி, அதன்மேல் அமர்ந்து இறங்குவது என்று தீர்மானித்தனர். டாயிலின் பலகைகளோ அவருக்கு முன்பே கைநழுவிப் பாய்ந்தோடிவிட்டன. அவர் தம் கம்பளிக் கால்சட்டையின் மீதே அமர்ந்து மலையிறங்கினார். அந்தத் துணி எக்காலத்தும் தேயாது என்று தம் தையற்காரர் சொன்னது வெறும் கோட்பாடு என்பது அன்று புலனாயிற்று என்று பின்னர் எழுதினார். இலக்கியத்தில் பதிவான செங்குத்துச் சறுக்கல்களில் இது மிகப் பழையதொன்று என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1924க்கும் 1926க்கும் இடைப்பட்ட குளிர்காலங்களில், ஆஸ்திரியாவின் ஷ்ருன்ஸ் சிற்றூரில் ஹெமிங்வே சறுக்கியபோதும் நிலைமை பெரிதும் மாறவில்லை. தூக்கிச் செல்லும் ஊர்தி இல்லை. பலகையின் அடியில் சீல் தோலைக் கட்டிக்கொண்டு மணிக்கணக்கில் ஏறினால்தான் சில நிமிட இறக்கம் கிடைக்கும். ஏறுகிறவன் ஏறும்போதே பனியைப் படித்துவிடுகிறான். எங்கே இறுகியிருக்கிறது, எங்கே அடியில் வெற்றிடமாக ஒலிக்கிறது என்பதைக் கால் அறிந்துகொள்கிறது. இந்தப் படிப்பு பின்னாளில் எப்படி விட்டுப்போனது என்பதே நம் கதையின் நடுப்பகுதி.

அந்தக் கதையின் முதன்மைப் பாத்திரம் பிறந்தது சென்னையில் என்றால் வியப்பாக இருக்கும். ஆர்னால்டு லன் 1888இல் இங்குப் பிறந்தார். தந்தை ஹென்றி லன் மெதடிஸ்ட் சபையின் மருத்துவ ஊழியராக வந்தவர். விரைவிலேயே இங்கிலாந்து திரும்பினார். பின்னர் பயண நிறுவனம் தொடங்கி, வசதி படைத்த ஆங்கிலேயரைக் குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் விடுதிகளுக்கு அழைத்துச் செல்லலானார். மகனுக்கு மலைகள் வாய்த்தது இப்படித்தான். 1911இல் சுவிட்சர்லாந்தின் மொன்டானாவில் லன் நடத்திய இறக்கப் போட்டிக்குக் கோப்பை அளித்தவர் காந்தகார் பிரபு எனப்பட்ட தளபதி ராபர்ட்ஸ். ஆப்கானியப் போரில் பெயர் பெற்ற இவர் சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும் இருந்தவர். பனிமலைப் பந்தயங்களில் இன்றும் ‘காந்தகார்’ என்ற பெயர் ஒலிப்பது இதனால்தான். பேரரசின் தூசு எங்கெங்கெல்லாம் படிந்திருக்கிறது!

1922இல் மூரென் என்னும் ஊரில், கொடிகளை நட்டு அவற்றினூடே வளைந்து இறங்கும் நவீன ஸ்லாலம் பந்தயத்தை லன் வகுத்தார். காட்டு மரங்களினூடே விரைந்து திரும்பும் திறனைச் சோதிப்பதே அவர் நோக்கம். ஆனால் விளைந்தது வேறு. பந்தயத்துக்குச் சமமான பனி வேண்டும், ஆகவே பனியை மிதித்து இறுக்கினார்கள். ஊர்திகள் வந்தன, ஒரே சரிவில் நூற்றுக்கணக்கானோர் இறங்கினர், தடம் தானே உருவாயிற்று. போருக்குப் பின் இயந்திரங்கள் வந்து அதைச் சாலைபோல் ஆக்கின. வன்பனித் தடங்கள் மலையைப் படிக்கும் கலையைக் கொன்றுவிட்டன என்று முதிய வயதில் வருந்தியவரும் அதே லன்தான். தாம் திறந்துவிட்ட மடையைப் பார்த்துத் தாமே கலங்கியவர்.

லன்னின் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர் ஹான்னஸ் ஷ்னைடர். நம் நான்கு ஊர்களுள் முதலாவதான சாங்ட் ஆன்டனின் வரலாறு ஏறத்தாழ இவர் வரலாறே. ஆர்ல்பெர்க் மலைப்பகுதியின் பனிச்சறுக்குக் கழகம் 1901இல் தோன்றியது. 1907இல் ஒரு தங்கும் விடுதி உரிமையாளர், விருந்தினருக்குச் சறுக்கக் கற்பிக்க இளைஞர் ஷ்னைடரைப் பணியமர்த்தினார். ஷ்னைடர் உடலைத் தாழ்த்தி, எடையை முன்னே சாய்த்து, வேகத்தோடு திரும்பும் முறையை வகுத்தார். படிப்படியாக, வகுப்பு வகுப்பாக அதைக் கற்பித்தார். ஆர்ல்பெர்க் முறை என்று உலகம் அதை அழைத்தது. 1928இல் லன்னும் ஷ்னைடரும் சேர்ந்து ஆர்ல்பெர்க்-காந்தகார் பந்தயத்தைத் தொடங்கினர்.

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவில் நுழைந்ததும் ஷ்னைடர் கைது செய்யப்பட்டார். நாஜிகளை அவர் மறைவின்றி எதிர்த்து வந்தவர். அவ்வாண்டுப் பந்தயம் சாங்ட் ஆன்டனில் நடைபெறவிருந்தது. லன் அதனை நிறுத்திவிட்டார். விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எளிய வழி இருந்தும் அவர் அதைத் தேடவில்லை. ஷ்னைடர் 1939இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயருக்குக் குடிபெயர்ந்தார். 1955இல் அங்கேயே மறைந்தார்.

அந்தப் பள்ளிக்கூட மனப்பாங்கு ஊரில் எஞ்சியிருக்கிறது. சாங்ட் ஆன்டனின் உச்சி 2811 மீட்டர் உயரமுள்ள வல்லூகா. அதன் முனைக்கு ஏற்றிச் செல்வது மிகச் சிறிய ஊர்தி ஒன்று. காட்சி காண வருபவர் எவரும் ஏறலாம். பலகைகளுடன் ஏற வேண்டுமானால் வழிகாட்டி ஒருவர் உடன் இருந்தாக வேண்டும். அந்த முனையின் வடபுறம்தான் ட்சுர்ஸ் நோக்கி இறங்கும் புகழ்பெற்ற செங்குத்துச் சரிவு. ஆசிரியர் இல்லாமல் தேர்வு எழுத விடுவதில்லை என்பது போல. ஆசிரியத் தொழிலில் இருப்பதாலோ என்னவோ, இவ்விதி நமக்குப் பிடித்திருக்கிறது.

ஷாமொனி முற்றிலும் வேறு. அதைப் பனிச்சறுக்கு ஊர் என்பதே பாதி உண்மைதான். அது முதலில் மலையேறுவோர் ஊர். 1820இல் டாக்டர் ஹாமெல் என்பவர் தலைமையில் மோன் பிளாங்க் ஏறிய குழுவைப் பனிச்சரிவு அடித்துச் சென்றது. உள்ளூர் வழிகாட்டிகள் மூவர் பனியாற்றின் பிளவில் விழுந்து மறைந்தனர். அடுத்த ஆண்டே, 1821இல், ஊரார் வழிகாட்டிகள் சங்கத்தை நிறுவினர். வழிகாட்டுவதற்கு முறையும் நெறியும் வகுத்ததோடு, இறந்தோர் குடும்பங்களுக்கு உதவுவதும் அதன் பணியாயிற்று. பனியாற்றின் வேகத்தைக் கணக்கிட்ட ஸ்காட்லாந்து அறிவியலாளர் ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ், மறைந்த உடல்கள் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் அடிவாரத்தில் வெளிப்படும் என்று கூறியிருந்தார். 1861இல் அவை வெளிப்படத் தொடங்கின. முதியவர்களாகிவிட்ட பழைய தோழர்கள், இளமை மாறாத எச்சங்களை அடையாளம் காட்ட நேர்ந்தது. மார்க் ட்வைன் தம் ஐரோப்பியப் பயண நூலில் இதை விரித்திருக்கிறார். இப்படியொரு நினைவைச் சுமக்கும் ஊரில், மலைக்குப் போகிறவனைத் தடுப்பது என்ற எண்ணமே எழுவதில்லை. தனியே போகாதே, தெரிந்தவரோடு போ என்பார்கள். நம் மரபில் ஆற்றுப்படுத்துதல் என்போமே, அது அங்கே இருநூறு ஆண்டுத் தொழில்.

1955இல் ஏகுய் தூ மிதி சிகரத்துக்குக் கம்பிவட ஊர்தி திறக்கப்பட்டது. 1035 மீட்டர் உயரத்து ஊரிலிருந்து 3842 மீட்டர் முனையை ஒட்டி, இரண்டே கட்டங்களில், அரை மணிக்குள் மனிதனைக் கொண்டுபோய் விடுகிறது. இரண்டாம் கட்டத்தில் இடையில் ஒரு தூண்கூடக் கிடையாது. மேலே சென்றதும் சுரங்க வழியொன்றின் முடிவில் ஒரு கம்பிக் கதவு. அதற்கப்பால் கத்திமுனை போன்ற பனிவிளிம்பு, இருபுறமும் பள்ளம். பலகையைத் தோளில் சுமந்து, கயிற்றைப் பற்றி அதில் நடந்து இறங்க வேண்டும். பெரும்பாலோர் அங்கிருந்து 20 கிலோமீட்டர் நீளமுள்ள வெண்பள்ளத்தாக்கில், பனியாற்றுப் பிளவுகளுக்கு நடுவே இறங்குவர். மிகச் சிலரே சிகரத்தின் செங்குத்துப் பக்கத்தில், ‘வட்டப் பனியாறு’ முதலிய சரிவுகளில் இறங்குவர். ஊர்தியில் ஏறும்போது எவரும் உங்கள் திறனைக் கேட்பதில்லை. கீழே ஊரில் தேநீர் அருந்திய சூடு ஆறுவதற்குள் மரணத்துக்குப் பக்கத்தில் நிற்கலாம் என்பதே ஷாமொனியின் தனித்தன்மை.

செங்குத்துச் சறுக்கல் ஒரு தனிக்கலையாக எழுந்ததும் இங்குத்தான். 1961இல் ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் மலையில் பல்லவிசீனி ஓடையை இருவர் சறுக்கி இறங்கியது போன்ற முன்னோடிச் செயல்கள் இல்லாமலில்லை. ஆயினும் 1967இல் சில்வான் சோதான் செய்ததுதான் வரலாற்றைத் திருப்பியது. சுவிஸ் நாட்டவரான சோதான், ஷாமொனிக்கு மேலேயுள்ள பிளேத்தியேர் சிகரத்தின் ஸ்பென்சர் குலுவாரை இறங்கினார். இரு பாறைச் சுவர்களுக்கிடையே பனி நிறைந்து கிடக்கும் ஒடுங்கிய ஓடையைக் குலுவார் என்பர். இதன் சரிவு மேற்பகுதியில் 55 பாகை வரை செல்கிறது. 55 பாகைச் சரிவில் நின்று கையை நீட்டினாலே மலையைத் தொட்டுவிடலாம். அங்கே ஷ்னைடரின் பள்ளிப்பாடம் பயன்படாது. உடலை முன்னே சாய்த்தால் வீழ்ச்சிதான். சோதான் எடையைக் குதிகாலில் நிறுத்தி, பலகைகளைக் கார்க் கண்ணாடியைத் துடைக்கும் கம்பிபோல் இப்புறமும் அப்புறமும் சுழற்றித் திரும்பினார். மறு ஆண்டு ஏகுய் வேர்த்தின் விம்பர் குலுவார், 1970இல் ஐகர் மலையின் மேற்குப் பக்கம், 1977இல் காஷ்மீரின் நுன் சிகரம், 1982இல் 8000 மீட்டரைக் கடந்த காஷெர்பிரம்-1 என்று போய்க்கொண்டேயிருந்தார். விழுந்தால் இறப்பாய் என்பதே இக்கலையின் வரையறை ஆயிற்று. அவர் மட்டும் விழவில்லை. 2024இல், 87ஆம் வயதில், மலையில் அன்றி ஊரிலேயே மறைந்தார்.

அவர் காலத்தவரான ஹைனி ஹோல்ட்சரை இங்கே நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. இத்தாலியின் தென் டைரோல் பகுதிக்காரர், புகைபோக்கி துடைப்பது தொழில். நூற்றுக்கு மேற்பட்ட செங்குத்துச் சரிவுகளை இறங்கியவர். இறங்கப்போகும் சரிவில் தம் கால்களாலேயே ஏறுவது அவர் முறை. ஹெலிகாப்டரோ ஆரவாரமோ இல்லை. ஏறாதவனுக்கு இறங்க உரிமை இல்லை என்பது போன்ற ஓர் அறம். அந்த அறமும் அவரைக் காக்கவில்லை. 1977இல் பிஸ் ரோசெக் மலையில் விழுந்து இறந்தார். நமக்கு சோதானிடம் வியப்பும் ஹோல்ட்சரிடம் மதிப்பும் உண்டு.

வெர்பியே பற்றி மிகுதியாகச் சொல்வதற்கில்லை. 3300 மீட்டரைத் தாண்டிய மோன் ஃபோர் வரை ஊர்தி செல்கிறது, இறங்க வழிகள் ஏராளம். ஆனால் அவ்வூரின் சிறப்பு, ஆபத்தைக் காட்சியாக்கியதுதான். 1996 முதல் பெக் தெ ரோஸ் என்ற பாறைமுகத்தில் ஆண்டுதோறும் போட்டி நடக்கிறது. போட்டியாளர்கள் முன்கூட்டி அச்சரிவில் இறங்கிப் பழக முடியாது. எதிரே நின்று தொலைநோக்கியால் பார்த்து, எந்தப் பாறையில் குதிப்பது, எங்கே திரும்புவது என்று மனத்தில் வரைந்துகொண்டு மேலேறி இறங்க வேண்டும். கீழே நடுவர்கள் மதிப்பெண் இடுகின்றனர். மலையைப் படிப்பது இங்கே மீண்டும் வந்துவிட்டது எனலாம், ஆனால் தொலைவிலிருந்து, கண்ணால் மட்டும். உலகத் தொடரை இருமுறை வென்ற எஸ்தெல் பாலே 2016இல், தம் 21ஆம் வயதில், படப்பிடிப்பொன்றின்போது பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்தார். போட்டியில் இல்லாத ஆபத்து எப்போதும் மலையில் இருக்கிறது.

பனிச்சரிவு என்றோம். அது பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளிலேயே புறப்படுகிறது. அதாவது சறுக்குவோர் பெரிதும் விரும்பும் அதே சரிவுகளில். புதையுண்டவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டியெடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பர் என்றும், முப்பத்தைந்து நிமிடங்களில் அது பத்தில் மூவராகச் சுருங்கிவிடும் என்றும் 1994இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே மீட்புப் படை ஊரிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். உடன் வந்த நண்பன்தான் மீட்புப் படை. ஆளுக்கொரு வானொலிக் கருவியும் மண்வெட்டியும் துழாவும் கம்பியும் சுமப்பது இதனால்தான். பனிச்சரிவு ஆபத்துள்ள இடங்களில் இவற்றை 2022 முதல் இத்தாலி சட்டப்படி கட்டாயமாக்கியது.

லா கிராவுக்கு வருவோம். லா மேஜ் என்ற, 1877 வரை எவரும் ஏறாத, ஏறத்தாழ 3980 மீட்டர் சிகரத்தின் காலடியில் ஒரு சிறு கல்வீட்டு ஊர். 1970களின் பிற்பாதியில் இங்கே கம்பிவட ஊர்தி ஒன்று கட்டப்பட்டது. 1450 மீட்டரிலிருந்து 3200 மீட்டர் வரை செல்கிறது. வேறெங்கும் என்றால் ஊர்தியைத் தொடர்ந்து தடங்கள் வந்திருக்கும், தடங்களைத் தொடர்ந்து அடுக்குமாடிகள் வந்திருக்கும். இங்கே வரவில்லை. மேலே பனியாற்றில் சிறு பகுதியைத் தவிரச் செப்பனிட்ட தடம் என்று ஏதுமில்லை. மேலிருந்து ஊர்வரை 2000 மீட்டருக்கு மேற்பட்ட இறக்கம் முழுவதும் பனியாறு, பாறை, குலுவார், காடு. பாதை பிழைத்தால் சரிவு திடீரென ஒரு பாறைச்சுவரின் விளிம்பில் முடிந்துபோகும். முதலில் சொன்னோமே, தடம் பிறப்பதற்கு முன் மலை முழுவதும் வெளிதான் என்று. அந்தப் பழைய மலை, ஓர் ஊர்தியை மட்டும் ஏற்றுக்கொண்டு அப்படியே இருப்பது லா கிராவில்தான். மற்ற மூன்று ஊர்களிலும் தடத்தை விட்டு விலகலாம். இங்கே விலகுவதற்கே தடம் இல்லை.

இந்த மலையைத் தேடி வந்து தங்கியவர்களுள் ஒருவர் டக் கூம்ஸ். அலாஸ்காவின் வால்டீஸில் 1991இல் நடந்த முதல் செங்குத்துச் சறுக்கல் உலகப் போட்டியில் வென்ற அமெரிக்கர். வழிகாட்டியாகப் பெயர் பெற்றவர். ஆபத்தை அளந்து நடப்பவர் என்று சக வழிகாட்டிகளே மதித்தவர். 2006 ஏப்ரல் 3 அன்று நண்பர்களுடன் பொலிஷினேல் குலுவாரில் இறங்கினார். உடன் வந்த இளைய நண்பர் சறுக்கி விளிம்புக்கு அப்பால் விழுந்தார். அவரைப் பார்க்க, உதவ, கூம்ஸ் விளிம்பை நோக்கிப் பக்கவாட்டில் அடியடியாக நகர்ந்தார். பாறையில் பலகை வழுக்கியது. இருவருமே இறந்தனர். கூம்ஸுக்கு வயது 48. உடன் வந்த நண்பன்தான் மீட்புப் படை என்று மேலே எழுதியபோது நம் நினைவில் இருந்தது இந்த நிகழ்ச்சிதான்.

எனவே, எந்த ஊர் சிறந்தது என்று எம்மைக் கேட்டால், கற்றுக்கொள்ளச் சாங்ட் ஆன்டன், வழிகாட்டியைப் பின்தொடர ஷாமொனி என்போம். பார்த்துக் கைதட்ட வெர்பியே. லா கிராவை யாருக்கும் பரிந்துரைக்க நமக்குத் துணிவு வரவில்லை. ஆனால் நான்கில் எது அழியாமல் இருக்க வேண்டும் என்று கேட்டால் தயக்கமின்றி அதையே சொல்வோம்.

அழியும் வாய்ப்பு வெறும் கற்பனை அன்று. ஊர்தியை 3200 மீட்டரிலிருந்து ஏறத்தாழ 3600 மீட்டர் வரை, ஜிரோஸ் பனியாற்றின் மேலாக நீட்டும் திட்டம் பல ஆண்டுகளாக ஊரை இரண்டாகப் பிளந்தது. நீட்டாவிட்டால் நிறுவனத்துக்கு வருவாய் இல்லை, ஊர்தி நின்றுபோனால் ஊரும் காலியாகும் என்பது ஒரு தரப்பு. உருகிக்கொண்டிருக்கும் பனியாற்றின் மேல் புதிய தூண் எதற்கு என்பது மறு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. முதல் தரப்பினர் பேராசைக்காரர் அல்லர், தங்கள் பிள்ளைகள் அவ்வூரிலேயே வாழ வேண்டும் என்று விரும்பும் பெற்றோர். 2023 அக்டோபரில் பணி தொடங்கவிருந்த நேரத்தில் எதிர்ப்பாளர்கள் ஏறிச்சென்று, 3000 மீட்டருக்கு மேல், பனியாற்றின் மீதே கூடாரமிட்டுத் தங்கினர். அவ்வாண்டுப் பணி நின்றது. தூண் நட வேண்டியிருந்த இடம் பனியாற்றின் நடுவே தலைநீட்டும் ஒரு பாறைத்திட்டு. அதன் இடுக்குகளில், சட்டப் பாதுகாப்புப் பெற்ற சிறு மலர்ச்செடி ஒன்று வளர்கிறது.